பெயர் எழுதிய நோட்டு

வணக்கம் நேயர்களே.

மேலாதிக்கம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பெரிய சொல். நான் ஒரு நாற்பது பக்க நோட்டிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் ஊருக்கு அப்போதுதான் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் வந்திருந்தது. ஐந்தாம் வகுப்பில் நான் லீடர். யார் தமிழில் பேசினாலும் பெயரை எழுதி வைத்து வெள்ளிக்கிழமை டீச்சரிடம் கொடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 25 காசு ஃபைன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, பெயர், பேசிய சொல் என்று மூன்று கட்டமாகப் பிரித்திருந்தேன். ஒரு நாள் இடைவேளையில் என் பக்கத்து பெஞ்சு நண்பன் படிக்கட்டில் விழுந்தான். முட்டி சிராய்த்து ரத்தம். "வலிக்குதுடா" என்றான். கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன். மணி அடித்ததும் உள்ளே வந்து, அவன் பெயருக்கு நேரே அந்தச் சொல்லை எழுதினேன்.

டீச்சர் அங்கே இல்லை. எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பயந்து எழுதவில்லை, அதுதான் சரி என்று நம்பி எழுதினேன். பத்து வயதுப் பையனுக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்று நான் பேச வந்த விஷயம்.

இதைப் பற்றி ஆழமாக யோசித்தவர் இத்தாலியின் அந்தோனியோ கிராம்ஷி. 1891இல் சார்டீனியா தீவில் பிறந்தவர். 1926இல் முசோலினி அரசு அவரைக் கைது செய்தது. சிறையில் நோட்டு நோட்டாக எழுதினார். போலீசும் ராணுவமும் இருந்தால் மக்களை அடக்கலாம். ஆனால் ஆள்பவர்களின் ருசியும் பேச்சும் மதிப்பீடுகளும்தான் இயல்பானவை என்று ஆளப்படுகிறவர்களே எடுத்துக்கொண்டால், தடியைத் தூக்க வேண்டிய தேவை அடிக்கடி வராது. அந்த இசைவைப் பள்ளிக்கூடமும் தேவாலயமும் பத்திரிகையும் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்குகின்றன. மேலாதிக்கம் என்று அவர் சொன்னது இதைத்தான்.

கிராம்ஷி பல்கலைக்கழகத்தில் படித்தது மொழியியல். 1935இல் எழுதிய கடைசி நோட்டு இலக்கணத்தைப் பற்றியது. புத்தகத்தில் இல்லாத ஓர் இலக்கணத்தைப் பற்றி அதில் பேசுகிறார். ஒருவர் பேசும்போது பக்கத்தில் இருப்பவர் "என்ன சொன்னே?" என்று கேட்பது, அதே மாதிரி பேசிக் காட்டிக் கேலி செய்வது, இப்படி நாமே ஒருவரையொருவர் திருத்திக்கொண்டிருக்கிறோம் என்கிறார். படித்தபோது எனக்கு அந்த நோட்டின் மூன்று கட்டங்களும் கண்முன் வந்தன.

சரி, பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸுக்குப் போவோம். அங்கத்து மக்களின் மொழி வெல்ஷ். 19ஆம் நூற்றாண்டில் அங்கே பல பள்ளிகளில் ஒரு சின்ன மரப்பலகை இருந்தது. 'வெல்ஷ் நாட்' என்று பெயர். மேலே டபிள்யூ, என் என்று இரண்டு எழுத்து செதுக்கியிருக்கும். வெல்ஷ் மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். கழற்ற வேண்டுமானால், வேறொரு பிள்ளை வெல்ஷ் பேசுவதைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ, அந்தப் பிள்ளைக்குப் பிரம்படி.

இதன் நுணுக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். வாத்தியார் நாள் முழுக்கக் காது கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை. பலகை மாட்டிய பிள்ளை கேட்கும். விளையாட்டு மைதானத்தில், வீட்டுக்குப் போகும் வழியில், தன் சிநேகிதன் எப்போது தாய்மொழியில் வாய் திறப்பான் என்று காத்திருக்கும். கோடாரிக்காம்பு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவோம். அந்தக் குழந்தையைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடியிலிருந்து தப்பிக்க அதற்கு விட்டுவைத்த வழி அது ஒன்றுதான்.

லண்டனிலிருந்து இதற்குச் சட்டம் ஏதும் வரவில்லை. ஆங்காங்கே பள்ளிகள் தாமாகச் செய்தன. பல ஊர்களில் பெற்றோரும் சம்மதித்தார்கள். 1846இல் வேல்ஸின் கல்வி நிலையை ஆராய அரசு மூன்று பேரை அனுப்பியது. மூவருக்கும் வெல்ஷ் தெரியாது. மக்களின் ஒழுக்கத்துக்கும் முன்னேற்றத்துக்கும் அவர்கள் மொழிதான் தடை என்று 1847இல் அறிக்கை கொடுத்தார்கள். நீல அட்டை போட்ட அந்த அறிக்கையை வேல்ஸ் மக்கள் 'நீலப் புத்தகத் துரோகம்' என்று இன்றும் சொல்கிறார்கள். கோபப்பட்டார்கள், எதிர்த்து எழுதினார்கள். அதே மக்கள்தான் பிள்ளைகளை ஆங்கிலத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் ஏமாந்து போகவில்லை. ஆங்கிலம் தெரிந்தால் வேலை கிடைத்தது, அது உண்மை. மேலாதிக்கம் வெறும் பொய்யை வைத்து நிற்பதில்லை. கையில் நிஜமான சோற்றை வைத்துக்கொண்டுதான் கூப்பிடுகிறது.

1901 கணக்கெடுப்பில் வேல்ஸில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெல்ஷ் பேசினார்கள். 2021இல் 17.8 விழுக்காடு. எல்லாப் பழியையும் பலகை மேல் போட முடியாது. நிலக்கரிச் சுரங்க வேலைக்கு வெளியிலிருந்து நிறையப் பேர் வந்து குடியேறினார்கள். ஆனாலும் தன் பேச்சு வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று குழந்தையிலேயே பதிந்துவிட்டால், நாளைக்குத் தன் பிள்ளையிடம் அதைப் பேச நாக்கு தயங்கத்தானே செய்யும்?

இதே பலகை ஜப்பானிலும் உண்டு. ரியூக்யூ தீவுகளை ஜப்பான் 1879இல் தன்னோடு இணைத்துக்கொண்டது. பின்னர் அந்தத் தீவுகளில் பெரியதான ஒகினாவாவின் பள்ளிகளில் 'ஹோகென் ஃபுடா', அதாவது வட்டார வழக்கு அட்டை, வந்தது. உலகப் போருக்குப் பிறகு ஒகினாவா 1972 வரை அமெரிக்கா கையில் இருந்தது. ஜப்பானிய அரசு அங்கே இல்லாத அந்தக் காலத்திலும் சில பள்ளிகளில் உள்ளூர் ஆசிரியர்கள் அட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டளையிட்டவன் போன பிறகும் கட்டளை ஓடிக்கொண்டிருந்தது. பிரான்சின் பிரெத்தோன் பகுதியிலும் கென்யாவிலும் பலகைக்குப் பதில் வேறு பொருள்கள் கைமாறின, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேல்ஸில் இந்த நிலை மாறத் தொடங்கியதற்கு ஒரு வானொலி உரை காரணம் என்பதை இந்த ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்து சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி. 1962 பிப்ரவரியில் சாண்டர்ஸ் லூயிஸ் என்ற எழுத்தாளர் பிபிசியில் வெல்ஷ் மொழியில் பேசினார். இப்படியே போனால் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மொழி உயிரோடு இருக்காது என்றார். அதைக் கேட்ட இளைஞர்கள் அதே ஆண்டில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் மட்டும் இருந்த சாலைப் பலகைகளில் பெயின்ட் பூசினார்கள், சிறைக்குப் போனார்கள். 1982இல் வெல்ஷ் தொலைக்காட்சி வந்தது. 2011இல் வேல்ஸில் அதிகாரபூர்வ மொழி என்ற சட்டத் தகுதி கிடைத்தது. இன்று வீட்டில் வெல்ஷ் தெரியாத பெற்றோர்கூடப் பிள்ளைகளை வெல்ஷ் வழிப் பள்ளியில் சேர்க்கிறார்கள்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். நன்றாகக் கற்றுக்கொடுங்கள். ஆனால் ஒரு மொழியைக் கற்றுக்கொடுக்க இன்னொன்றைக் குற்றமாக்க வேண்டியதில்லை. 1927இல் கிராம்ஷி சிறையிலிருந்து தங்கைக்கு ஒரு கடிதம் எழுதினார். உன் மகன் சார்டீனிய மொழியைப் பேசட்டும், தொந்தரவு செய்யாதே என்றார். வீட்டில் இன்னொரு குழந்தையை அப்படிப் பேச விடாமல் வளர்த்தது தவறு, அது அவளுடைய அறிவு வளர்ச்சியைக் கெடுத்தது என்று வருத்தப்பட்டார்.

போன மாதம் என் நண்பனைப் பார்த்தேன். அன்று முட்டி சிராய்த்தவன்தான். இப்போது லேத் பட்டறை வைத்திருக்கிறான். பேசிக்கொண்டிருக்கும்போது அவன் மகள் பள்ளி டைரியைக் கொண்டுவந்து நீட்டினாள். விதிகள் அச்சடித்த பக்கத்தில், வளாகத்தில் தாய்மொழி பேசினால் அபராதம் என்று ஒரு வரி. "இதுக்கெல்லாமாடா கையெழுத்து போடுறே?" என்று கேட்டேன். "கண்டிப்பு இருந்தாதானே வரும். நமக்கு அப்படித்தானே வந்துச்சு" என்றான். நோட்டில் அவன் பெயரை எழுதியவன் நான். என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு, என் சட்டைப் பையிலிருந்த பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

நன்றி, வணக்கம்.