கடப்புறத்துல எடுத்தா ‘பொம் பொம்’னு வருது: சவுண்ட் டிசைனர் ஆக நல்ல மைக் வாங்கணுமா, கோர்ஸ் படிக்கணுமா?

குளச்சல்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: சினிமாவுக்குச் சத்தம் அமைக்கிற சவுண்ட் டிசைனர் ஆகணும், ஆனா முட்டம் கடற்கரையில அலைச் சத்தம் எடுத்தா ‘பொம் பொம்’னு இரைச்சல்தான் வருது, மைக்கை மாத்தணுமா, இல்ல வெளியூர் போய்ப் படிக்கணுமான்னு.

மைக்கை மாத்தாதீங்க தம்பி. அது காத்து மைக் சவ்வுல நேரா அடிக்கிற சத்தம். மைக்குக்குப் போடுற பஞ்சு உறை வீட்டுக்குள்ளதான் போதும். வெளியில நீளமா ரோமம் வச்ச உறை வேணும். பாறை மறைவுல நில்லுங்க. ரெக்கார்டர்ல லோ கட்டை (அடித்தொனி இரைச்சலை வெட்டுற வசதி) 80 ஹெர்ட்ஸ்ல வைங்க; பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உச்ச சத்தம் ரெக்கார்டர் மீட்டர்ல மைனஸ் 12 டெசிபெல்லத் தாண்டாம பாத்துக்கங்க. அதையும் தாண்டிப் போய் பூஜ்ஜியத்துல முட்டி சத்தத்தோட தலை வெட்டுப்பட்டுட்டா, பிறகு எந்த சாஃப்ட்வேர் வச்சும் முழுசா மீட்க முடியாது.

கடலை ஒரே டேக்ல எடுக்காதீங்க. தூரத்து முழக்கம் மூணு நிமிஷம். அலை திரும்பிப் போகும்போது மணல்ல ‘ஸ்ஸ்ஸ்’னு வருமே, அது தனியா மூணு நிமிஷம். ஏன்னா நம்ம பேச்சு தெளிவா கேக்குறதுக்கு முக்கியமான 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் இடத்துலயும் அந்த ‘ஸ்ஸ்’ சத்தம் வந்து விழும். வசனம் வர்ற இடத்துல முழக்கத்தை மட்டும் வச்சுட்டு அந்த ‘ஸ்ஸ்’ நுரைச் சத்தத்தைக் குறைச்சிடலாம். தியேட்டர்ல வசனம் நடு ஸ்பீக்கர்ல, கடல் பக்கவாட்டுலயும் பின்னாலயும். எதை எடுத்துவிடணும்னு தெரியறதுதான் இந்தத் தொழில்.

படிப்புன்னா, சென்னை தரமணியில எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனம் இருக்கு. புனே, கொல்கத்தாவுல இருக்கிற மத்திய அரசு திரைப்பட நிறுவனங்கள்ல மூணு வருஷ சவுண்ட் கோர்ஸுக்கு டிகிரி முடிச்சிருக்கணும். 2009ல ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தோட சத்தத்துக்காக ஆஸ்கர் வாங்கின ரசூல் பூக்குட்டி புனேயில படிச்சவர், கேரளாவுல கொல்லம் மாவட்டத்துக்காரர்.

ஆனா எங்க படிச்சாலும் பெரும்பாலும் முதல் வேலை உதவியாளர்தான். வசனத்தைச் சுத்தம் பண்றது, டப்பிங்கை உதட்டுக்குப் பொருத்துறது. அலுப்பான வேலைன்னு நினைக்காதீங்க, காது பழகுறதே அங்கதான். வசனம், எஃபெக்ட், மியூசிக் மூணையும் தனித்தனி ட்ராக்ல வைக்கப் பழகுங்க. காலடிச் சத்தம் வசன ட்ராக்லயே கிடந்தா, படம் மலையாளத்துக்கு டப் ஆகும்போது வசனத்தோட காலடியும் போயிரும், எல்லாத்தையும் மறுபடி எடுக்கணும்.

வேலை கேட்டுப் போகும்போது, நண்பர்கள் எடுத்த குறும்படத்துல ரெண்டு நிமிஷக் காட்சியை வாங்கி, சத்தத்தை முழுசா நீக்கிட்டு நீங்களே புதுசா போடுங்க. எல்லாம் சேத்து முடிச்ச மிக்ஸோட தனி ட்ராக்குகளையும் சேத்துக் குடுங்க; வேலைக்கு எடுக்கிறவங்க அதையும் திறந்து பாக்கலாம்.