ரொட்டி பாய் திரும்பிய சந்து

நேயர்களுக்கு வணக்கம்.

பெரிய மோட்டார் சைக்கிள் ஓட்டும் பெண் வந்து பேசுகிறாள் என்றால் தாய்லாந்து போன கதை, மலை ஏறிய கதை எல்லாம் வரும் என்று காத்திருப்பீர்கள். இன்றைக்கு அது கிடையாது. இருபது அடிக்குள் தொடங்கி இருபது அடிக்குள்ளேயே முடியும் ஒரு பயணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். செம்மண் பாதையில், ஆள் நடக்கிற வேகத்தில், கனமான ஒரு மோட்டாரை வந்த வழியே திருப்புவது. அவ்வளவுதான் விஷயம். ஏழு வருடமாக என்னைப் பிடித்து ஆட்டுகிற விஷயமும் அதுதான்.

மோட்டாரே ஓட்டாதவர்கள் வானொலியை மூடிவிட வேண்டாம். பேரங்காடியில் அரிசி மூட்டை, எண்ணெய், தண்ணீர் பாட்டில் எல்லாம் ஏற்றிய தள்ளுவண்டியை மூலையில் திருப்பியிருப்பீர்கள் அல்லவா? வேகமாகப் போகும்போது தொல்லையில்லை. நின்றுபோன பிறகு திருப்பத்தான் இடுப்பு ஒடியும். கனமான எதற்கும் இதே கதைதான்.

என்னிடம் இருப்பது சுசூகி வி-ஸ்ட்ரோம் 650 எக்ஸ்டி. பெட்ரோல் நிரப்பினால் 216 கிலோ. நம் வீட்டு வாசல்களில் நிற்கிற சின்ன மோட்டார், கப்சாய், நூறு கிலோ சுமார் இருக்கும். பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் என்றால் 249 கிலோ, பெட்டிகளைச் சேர்க்காமல். நான் 54 கிலோ. என் உயரம் 5 அடி 2 அங்குலம், மோட்டார் இருக்கையின் உயரம் 835 மில்லிமீட்டர். உட்கார்ந்தால் கால்விரல் நுனிதான் தரையில் படும். காலை ஊன்றி ஊன்றித் திருப்புகிற வழி எனக்கு முதல் நாளிலிருந்தே அடைபட்ட வழி.

விழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சிலாங்கூரில் பத்தாங்காலி பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். குழுவாகப் போயிருந்தோம். தோட்டப் பாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு லோரி போகிற அகலம், இரண்டு பக்கமும் கால்வாய், மேலே பொடிக்கல். பாதை முடிகிற இடத்தில் சங்கிலி போட்ட கேட். எல்லோரும் திரும்ப வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். என் முறை வந்தது. ஹேண்டிலை இரண்டு கையாலும் முரட்டுத்தனமாக வளைத்தேன், கால் இரண்டையும் தொங்கப் போட்டேன், கண்ணைக் கால்வாயிலேயே வைத்தேன். கால்வாய் பக்கத்தில் வந்ததும் பயத்தில் முன்பிரேக்கைப் பிடித்தேன். என்ஜின் செத்தது. அப்புறம் என்ன, 216 கிலோவும் சாய்ந்தது. நான் ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம். குலை வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அன்றைக்கு நான் செய்தது ஒவ்வொன்றும் தவறு. ஆனால் ஏன் தவறு என்று யார் சொல்லியும் எனக்கு ஏறவில்லை. ஏறியது ஒரு ரொட்டி பாயால்தான். இந்தக் கதை கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் வளர்ந்தவள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, ரயில்வே குவாட்டர்ஸில் வீடு. சாயங்காலம் நாலு மணிக்கு ரொட்டி பாய் வருவார். அந்தக் காலத்து கப்சாயில் பின்னால் அலமாரி மாதிரி ஒரு பெட்டி. அதற்குள் தேங்காய் ரொட்டி, காயா ரொட்டி, வெண்ணெய் தடவின ரொட்டி. பெட்டியைச் சுற்றிலும் கச்சான் பொட்டலம், முறுக்குப் பாக்கெட், கயிற்றில் கோத்த மிட்டாய். திருவிழாக் காவடி நகர்ந்து வருவது போல இருக்கும். எங்கள் சந்து முட்டுச்சந்து. காடி நுழையாது. கடைசி வீடு எங்களுடையது, அதைத் தாண்டினால் சுவர். பாய் அங்கே வந்துதான் திரும்பியாக வேண்டும்.

அவர் காலை ஊன்ற மாட்டார். ஊன்றினால், அத்தனை உயரமான பெட்டி ஒரு பக்கம் இழுத்துவிடும். சுவருக்குப் பக்கத்தில் வந்ததும் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டது போலக் கழுத்தை முழுக்கத் திருப்புவார். தாடை தோளைத் தொடும். மோட்டார் அவர் முகம் போன பக்கம் தானாக வந்துவிடும். அண்ணனும் நானும் சிலிப்பரைக் கையில் மாட்டிக்கொண்டு, அதே மாதிரி கழுத்தைத் திருப்பி வாசலில் சுற்றிச் சுற்றி விளையாடுவோம். அம்மா திட்டுவார்.

இதில் முக்கியம் அந்தச் சத்தம். நீங்கள் காதால் கேட்கிறவர்கள், அதனால் உங்களுக்குச் சட்டென்று புரியும். பாய் திரும்பும்போது என்ஜின் சத்தம் ஏறாது, இறங்காது. 'டுடுடுடு' என்று ஒரே சுருதியில் இருக்கும். மோட்டார் மட்டும் மெதுவாகிக்கொண்டே வரும். அது எப்படி? எண்ணெயை, அதாவது வலது கைப்பிடியின் முறுக்கை, குறைத்தால்தானே வேகம் குறையும்?

பத்தாங்காலியில் விழுந்து மூன்று மாதம் கழித்து, ராத்திரி படுத்திருக்கும்போது இந்தக் கேள்வி வந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பாய் வலது கையை அசைக்கவே இல்லை. வேகத்தைக் குறைத்தது அவருடைய வலது கால், பின்பிரேக். அப்படியானால் என்ஜின் ஏன் திணறிச் சாகவில்லை? கப்சாயில் கிளச் பிடி கிடையாது. ஹொண்டா 1958இல் சூப்பர் கப் கொண்டுவந்தபோதே ஒரு கையால் ஓட்டுகிற மாதிரி செய்துவிட்டார்கள். உள்ளே இருக்கிற கிளச், என்ஜின் சுழலும் வேகத்தைப் பொறுத்துத் தானாகப் பிடிக்கும், தானாக விடும். மெதுவாகப் போகையில் பாதி பிடித்து, பாதி நழுவிக்கொண்டிருக்கும். அதனால் சாகாது. கப்சாயில் என்ஜின் தானே செய்துகொள்கிற அந்த வேலையைப் பெரிய மோட்டாரில் நம் இடது கை செய்ய வேண்டும். நம்மில் பாதிப் பேர் கப்சாயில் ஓட்டக் கற்றவர்கள். இடது கைக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே நமக்குத் தெரியாது. அதுதான் சங்கதி.

ஆகவே செய்முறை இதுதான். முதல் கியர். எண்ணெயைக் கொஞ்சம் கூட்டி அப்படியே நிறுத்திவிடுங்கள். இடது கையின் இரண்டு விரலால் கிளச்சை அது பிடிக்கத் தொடங்குகிற இடத்தில் வையுங்கள். நம் ஊரில் அரைக் கிளச் என்பார்களே, அதேதான். வலது பாதம் பின்பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கட்டும். வேகம் வேண்டுமா, விரலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். குறைய வேண்டுமா, கொஞ்சம் இழுங்கள். எண்ணெயைத் தொடாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், எண்ணெயைத் தொடாதீர்கள். காதை வைத்துக் கேளுங்கள், சத்தம் ஒரே சுருதியில் இருந்தால் சரி. முன்பிரேக்குப் பக்கமே விரல் போகக் கூடாது. ஹேண்டில் முழுக்கத் திரும்பியிருக்கும்போது முன்சக்கரம் சட்டென்று நின்றால், சாய்ந்திருக்கிற மோட்டாரைத் தாங்க எதுவும் மிச்சமிருக்காது.

ஓட்டுநர் உரிமத் தேர்வில் தித்தி ஏறியவர்களுக்கு இதில் பாதி தெரியும். குறுகலான அந்த மேடையில் சீக்கிரம் ஓடிப்போனால் தேர்ச்சி கிடையாது, மெதுவாகப் போனால்தான் தேர்ச்சி. தேர்வு முடிந்த அன்றே மறந்துவிடுகிறோம்.

கிளச்சை இப்படி நழுவவிட்டால் தேய்ந்துபோகாதா என்று கேட்பார்கள். பெரும்பாலான மோட்டார்களில் கிளச் என்ஜின் ஆயிலுக்குள் ஊறிக்கொண்டிருக்கும், கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும். பழைய ஆர் 1200 ஜிஎஸ் வைத்திருக்கிறவர்கள் மட்டும் கவனம். 2013இல் வந்த நீர்க்குளிர்ச்சி மாடலுக்கு முந்தியவற்றில் உலர்ந்த கிளச். பத்து நிமிடம் பழகினால் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். கருகிய வாடை வந்தால் நிறுத்திவிட்டுத் தேநீர் குடியுங்கள்.

சரி, கை பழகிவிட்டது. அடுத்தது உடம்பு. இதில்தான் தார்ச்சாலைப் பழக்கம் நம்மைக் கவிழ்க்கும். பந்தயத்தில் பார்த்திருப்பீர்கள், வளைவில் ஓட்டுகிறவர் உள்பக்கம் தொங்குவார். அது வேகத்துக்கு. செம்மண்ணில் மெதுவாகத் திரும்ப அதற்கு நேர்மாறு. மோட்டாரை உள்பக்கம் சாய்க்க வேண்டும், நாம் வெளிப்பக்கம் போக வேண்டும். கணக்குப் போட்டால், மூன்று மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஆளும் மோட்டாரும் சேர்ந்து 15 பாகை சாய்ந்தால் போதும். ஆனால் மோட்டார் இன்னும் சாய்ந்தால்தான் இன்னும் சின்னதாகச் சுற்றும். மிச்சச் சாய்வை எங்கிருந்து எடுப்பது? நம் உடம்பை எதிர்ப்பக்கம் போட்டுத்தான். தலையில் குடம், இடுப்பில் இன்னொரு குடம் வைத்து நடக்கிறவர்களைப் பாருங்கள். இடுப்புக் குடத்துக்கு எதிர்ப்பக்கம் உடம்பு வளைந்திருக்கும், தலைக் குடம் ஆடாது.

உட்கார்ந்துகொண்டு இதை முழுசாகச் செய்ய முடியாது. எழுந்து நிற்க வேண்டும், கால்மிதியில், முட்டியைக் கொஞ்சம் மடக்கி. வெளிப்பக்கக் கால்மிதியில் எடையைப் போடுங்கள். 54 கிலோ உடம்பாக இருந்தாலும் போதும். என் குழுவில் என்னைப் போல இரண்டு மடங்கு எடையுள்ளவர்கள் கையால் மல்லுக்கட்டி விழுந்திருக்கிறார்கள். பலத்தைப் பற்றிப் பேசுகிற ஆண்களுக்கு இதைக் கொஞ்சம் சந்தோஷமாகவே சொல்கிறேன்.

அப்புறம் கண். கால்வாயைப் பார்த்தால் கால்வாய்க்குத்தான் போவோம். ரொட்டி பாய் சுவரைப் பார்த்ததே இல்லை. அவர் பார்த்தது சந்தின் மறுமுனையை, அடுத்த வீட்டு வாடிக்கையை.

பழகுவதற்குப் பெரிய இடம் தேவையில்லை. கேட்டு அனுமதி வாங்கிய ஒரு மண்திடல், பழைய சிலிப்பர் நாலு. கோன் எல்லாம் வாங்க வேண்டாம், சிலிப்பர் மேல் ஏறினால் ஒன்றும் ஆகாது. முதலில் நடந்து அளந்து, 20 எட்டு அகலத்தில் வட்டம் போடுங்கள், வாரத்துக்கு ஒரு எட்டு குறையுங்கள். நான் ஞாயிறு காலையில் மட்டும்தான் போவேன், மழை விழுந்தால் திரும்பிவிடுவேன், ஈரச் செம்மண் சவர்க்காரம் மாதிரி. 11 எட்டுக்கு வர எனக்கு ஆறு மாதம் ஆனது. இடது பக்கம் சீக்கிரம் வந்தது. வலது பக்கம் வரவே மாட்டேன் என்றது. வலப்பக்கம் முழுக்கத் திருப்பும்போது வலது கை வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும், மணிக்கட்டு மடங்கி, தெரியாமலே எண்ணெய் ஏறிவிடும். முழங்கையைத் தூக்கி வைத்தால் சரியாகும். வராத பக்கத்தை இரண்டு மடங்கு பழகுங்கள்.

2016இல் பிஎம்டபிள்யூ ஜிஎஸ் டிராபி என்கிற மோட்டார் சாகசப் போட்டி பக்கத்தில்தான் நடந்தது, வட தாய்லாந்தில். அதிலும் சேற்றில் பாய்வது மட்டுமில்லை, இப்படி மெதுவாகச் சுற்றுகிற சோதனைகளும் உண்டு. அதைப் பற்றி... இல்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி மூன்று விரல் காட்டுகிறார். ரொட்டி பாய் என் நேரத்தைச் சாப்பிட்டுவிட்டார்.

மேட்டில் திரும்புவது பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஏற்றத்தில் நடுவழியில் நின்றுபோனால் அங்கேயே திரும்ப முயலாதீர்கள். கியரில் விட்டு என்ஜினை அணைத்து, கிளச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இழுத்து விட்டு, பின்னோக்கி இறக்குங்கள். சமதரையில் வந்து திரும்பலாம்.

விழுந்துவிட்டால் முதலில் என்ஜினை அணையுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே ஸ்டாண்டை வெளியே தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் போய்விடும். மோட்டாருக்கு முதுகைக் காட்டி, இருக்கை விளிம்பில் இடுப்பை முட்டுக்கொடுத்து, ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின்னால் இருக்கிற கம்பியில், முதுகை வளைக்காமல் சின்னச் சின்ன எட்டாகப் பின்னால் நடக்க வேண்டும். கியரில் இருக்க வேண்டும், அதைச் சொல்ல மறந்துவிட்டேன், இல்லாவிட்டால் உருண்டு...

ஒரு விரல் காட்டுகிறார். வணக்கம்.