இரண்டரை சென்டிமீட்டர் குழாய்

நேயர்களுக்கு வணக்கம். கேட்டுக்கொண்டே ஒரு பேனா மூடியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நுனியில் காற்றுத்துளை இருந்தால் விரலால் அடைத்துவிடுங்கள். திறந்த பக்கத்தைக் கீழுதட்டில் ஒட்டி, விளிம்புக்குக் குறுக்கே மெல்ல ஊதுங்கள். கீச்சென்று ஒரு விசில் வரும். அந்த விசிலின் சுருதியை முடிவு செய்வது மூடியின் நீளம். ஒரு முனை திறந்து மறுமுனை மூடிய குழாயில், குழாயைப் போல் நான்கு மடங்கு அலைநீளம் உள்ள ஒலிக்கே உள்ளிருக்கும் காற்று நன்றாக ஆடிக்கொடுக்கும். 5 சென்டிமீட்டர் மூடிக்கு அலைநீளம் 20 சென்டிமீட்டர். ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகிறது. வகுத்துப் பார்த்தால் சுமார் 1700 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு அத்தனை அதிர்வு. இதுதான் அந்தக் குழாயின் இயல் அதிர்வெண். அந்த ஒலிக்குக் காற்று சேர்ந்து ஆடுவதை ஒத்ததிர்வு என்பார்கள்.

நம் காதுத்துளையும் இப்படி ஒரு குழாய்தான். வெளிப்பக்கம் திறந்திருக்கிறது, உள்ளே செவிப்பறை மூடியிருக்கிறது. பெரியவர்களுக்கு நீளம் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர், அகலம் 7 மில்லிமீட்டர். பேனா மூடிக் கணக்குப்படி 3400 ஹெர்ட்ஸ் வரவேண்டும். அளந்து பார்த்தால் 2700, 3000 என்றுதான் வருகிறது. குழாயின் வாயருகே உள்ள காற்றும் சேர்ந்து ஆடுவதால் குழாய் சற்று நீண்டதுபோல் நடந்துகொள்கிறது. செவிப்பறையும் கெட்டிச் சுவர் அல்ல, கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் சவ்வு. அதனால்தான் காதின் ஒத்ததிர்வு பேனா மூடியின் விசில்போல் ஒரே சுருதியில் கூர்மையாக நிற்காமல், அகலமான மேடாக எழுகிறது. அந்த மேட்டின் உச்சியில், வெளியே உள்ள ஒலி செவிப்பறையைத் தொடும்போது 10 முதல் 15 டெசிபல் (ஒலியளவின் அலகு) வரை கூடியிருக்கும். 10 டெசிபல் கூடினாலே ஒலியழுத்தம் மூன்று மடங்குக்கு மேல். பேட்டரி இல்லாத ஆம்ப்ளிஃபையர் என்று சொல்லலாம்.

கைக்குழந்தைக்குக் குழாய் குட்டை. அதனால் அதன் ஒத்ததிர்வு 5000, 6000 ஹெர்ட்ஸில் இருக்கும். இரண்டு, மூன்று வயதுக்குள் பெரியவர்கள் அளவை நெருங்கிவிடும்.

ஒலியைக் கூட்டித் தரும் இந்தப் பரிசுக்கு ஒரு விலையும் உண்டு. நம் டர்பன் பக்கம் கிளேர்வுட்டிலோ மவுண்ட் எட்ஜ்கம்பிலோ காவடிக் கூட்டத்தில் மேளத்துக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் பக்கத்தில் நிற்பவர் காதில் எல்லாச் சுருதியும் கலந்து விழும். 2010 உலகக் கோப்பையில் நாமெல்லாம் ஊதிய வுவுசேலா என்ற பிளாஸ்டிக் ஊதுகுழலும் அப்படித்தான். அடிச்சுருதி 230 ஹெர்ட்ஸ் சுமார்தான், ஆனால் அதன் மேல் அடுக்கடுக்காகக் கிளைச்சுருதிகள் ஏறிக்கொண்டே போகும். அந்தக் கலவையில் 3000 ஹெர்ட்ஸ் அருகே உள்ளதைக் காதுக்குழாய் தூக்கிக் கொடுக்கிறது. பலத்த ஒலியால் உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் அடிபடும்போது, சேதம் ஒலியின் சுருதிக்கு அரை ஸ்தாயி மேலேதான் அதிகம் தெரியும். 3000க்கு அரை ஸ்தாயி மேலே என்றால் 4000க்குக் கொஞ்சம் அதிகம். கேட்புப் பரிசோதனைப் படத்தில் 4000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழுந்திருந்தால் இரைச்சலைச் சந்தேகிப்பது இதனால்தான். தொழிற்சாலைக்காரர், மேளக்காரர் இருவருக்கும் பள்ளம் பெரும்பாலும் அதே இடத்தில்.

பள்ளம் விழுந்தவர் "கேட்குது, ஆனா வெளங்கல" என்பார். உயிரெழுத்தின் பலம் கீழ்ச்சுருதியில் இருக்கிறது, அதற்குப் பழுதில்லை. ச, த போன்றவற்றின் அடையாளம் மேலே இருக்கிறது. 'காசு' என்றால் 'காது' என்று விழும். டர்பனில் வீட்டுக்குள் ஆங்கிலம்தான் அதிகம். பேரன் 'புக்ஸ்' என்றால் பாட்டி காதில் 'புக்' மட்டும் நிற்கும். பாட்டிக்கு மறதி என்று வீட்டார் முடிவு கட்டுவது அநியாயம்.

காது மிஷின் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மிஷினோடு காதில் பொருத்தும் அச்சு காதுத்துளையை அடைத்தவுடன் இயற்கை கொடுத்த 10, 15 டெசிபல் போய்விடும். மிஷின் முதலில் அந்தக் கடனைத் தீர்த்துவிட்டுத்தான் மேலே உதவ முடியும். எவ்வளவு கடன் என்பது காதுக்குக் காது மாறும், அதனால் அளக்கவேண்டும். மெல்லிய சிலிக்கோன் குழாயைச் செவிப்பறைக்கு 5 மில்லிமீட்டருக்குள் கொண்டுபோய் அளப்பார்கள். காதுமடலின் கீழ்ப்பள்ளத்திலிருந்து ஆண்களுக்குச் சுமார் 30 மில்லிமீட்டர், பெண்களுக்கு 28 என்று குழாயில் முன்கூட்டியே குறி போட்டுக்கொள்வது வழக்கம். அவசரத்தில் குழாய் செவிப்பறைக்கு 14 மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டால், 6000 ஹெர்ட்ஸில் ஒலியே இல்லாததுபோல் காட்டும். உள்ளே போகும் அலையும் செவிப்பறையில் பட்டுத் திரும்பும் அலையும் அந்த இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அந்த அளவை நம்பி மிஷினைக் கூட்டிவைத்தால், வீட்டில் கரண்டி விழுந்தாலே காது கூசும்.

மேளக்காரர்கள் இரைச்சலைத் தடுக்கக் காதில் வைக்கும் சாதாரண நுரை அடைப்பானை வெறுப்பதிலும் நியாயம் இருக்கிறது. அது மேல்ச்சுருதியை அதிகமாக விழுங்கும், பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். இசைக்காரர்களுக்கென்றே வரும் வடிகட்டி அடைப்பானுக்குள் ஒரு சிறு சவ்வும் துளையும் சேர்ந்து, 2700 ஹெர்ட்ஸ் அருகே, இழந்த ஒத்ததிர்வைத் திருப்பிக் கொடுக்கும். எல்லாச் சுருதியும் ஏறத்தாழ ஒரே அளவில், 15 டெசிபல்போல், குறையும்.

நுரைதான் கிடைக்கிறது என்றால் கையைக் கழுவி, மடிப்பு விழாமல் ஊசிபோல் உருட்டுங்கள். வலக்காதுக்கு இடக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மடலை மேலும் பின்னும் இழுங்கள். வளைந்த குழாய் நேராகும். உள்ளே தள்ளி, விரலை எடுக்காமல் 30, 40 விநாடி பிடியுங்கள். அதற்குள் எடுத்தால் நுரை விரியும்போது வெளியே நழுவிவிடும். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை நன்றாகப் பொத்துங்கள். சத்தம் இன்னும் வெகுவாகக் குறைந்தால் அடைப்பான் சரியாக உட்காரவில்லை, எடுத்து மறுபடி உருட்டுங்கள்.