88 இருக்கும் இடத்தில் 92

வணக்கம். ஆளைக் கீழே தள்ளுவது நிறமா, வர்க்கமா என்று பலர் கேட்கிறார்கள். முதலில் இதைப் பாருங்கள், கேமராவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் காட்டுகிறேன். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். கொரோனா நாட்களில் எல்லோருக்கும் பழகிப்போன கருவிதான். உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா? அதோடு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரும் விரலுக்குள் போகிறது. ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் ஆக்சிஜன் அளவைச் சொல்கிறது. ஆனால் தோலுக்கு நிறம் தரும் மெலனினும் வெளிச்சத்தை உறிஞ்சுமே! இதைச் சோதித்துப் பார்த்ததோ பெரும்பாலும் வெளிர்நிறத் தோல்காரர்களிடம்.

2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய அளவீடுகளை எடுத்து, தமனியிலிருந்து எடுத்த ரத்தத்தின் பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள். உண்மையில் 88-க்கும் கீழே போயிருந்தவை வெள்ளையரிடம் 3.6%, கறுப்பினத்தவரிடம் 11.7%. திரையில் எண் நன்றாகத்தான் இருக்கும். ஆக்சிஜன் தேவைப்படுகிறவருக்கு அது கிடைக்காது.

சரி, இதில் வர்க்கம் எங்கே வந்தது? கொரோனாவில் அந்தக் கருவி தேவைப்படும் நிலைக்கு யார் முதலில் போனார்கள் என்று பாருங்கள். பஸ் ஓட்டியவர்கள், கிடங்கில் பெட்டி தூக்கியவர்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வசதி அவர்களுக்கு ஏது?

நிறமும் வறுமையும் எப்படிப் பின்னிக்கொண்டன? 1930களில் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று, கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை நகர வரைபடங்களில் சிவப்பாகத் தீட்டி வைத்தது. வீட்டுக் கடன் கொடுக்க ஆபத்தான இடமாம்! கடன் இல்லை, அதனால் சொந்த வீடு இல்லை, பிள்ளைகளுக்கு விட்டுப்போகச் சொத்தும் இல்லை. நிறத்தைப் பார்த்துப் போட்ட கோடு, பேரப்பிள்ளை காலத்தில் வறுமையாக நிற்கிறது. மரம் குறைந்த அந்தத் தெருக்களில் இன்றைக்கும் பல நகரங்களில் வெப்பம் மற்ற பகுதிகளைவிட அதிகம். "எல்லாம் வறுமைதான், நிறமெல்லாம் சும்மா" என்கிறவர்களிடம் இந்த வரைபடத்தைத்தான் காட்டுவேன்.

அப்போ, பணம் வந்தால் சரியாகிவிடுமா? கறுப்பின டென்னிஸ் நட்சத்திரம் செரீனா வில்லியம்ஸிடம் இல்லாத பணமா? 2017-இல் குழந்தை பிறந்த மறுநாள் அவருக்கு மூச்சுத் திணறியது. முன்பே நுரையீரலில் ரத்தம் கட்டிய அனுபவம் இருந்ததால், ஸ்கேன் எடுங்கள் என்று அவரே கேட்டார். வலி மருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தாராம். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் ரத்தக்கட்டிகள் இருந்தன.

கருவிக்கு வருகிறேன். 2013-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சொன்ன கணக்குப்படி, குறைந்தது 10 பேரிடம் சோதித்தால் போதும், அதில் 2 பேராவது கருமைத் தோல்காரர். 2025 ஜனவரியில் வந்த புதிய வழிகாட்டுதல் வரைவில்தான் 150 பேர் என்று உயர்த்தச் சொன்னார்கள். என்னிடம் இருப்பதை யாரிடம் சோதித்தார்களோ! பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் போடவில்லை.