வரைபடத்தில் இல்லாத ஊர்கள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்தத் தோட்டம் இப்போது செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மாறிவிட்டது. நாங்கள் குடியிருந்த லயமும், அந்த வரிசை வீடுகளும், இல்லை. டிசம்பர் 10 மனித உரிமை நாள், அதையொட்டி ஏதாவது பேசுங்கள் என்று அழைத்தார்கள். நான் ஓர் அம்மாவைப் பற்றிப் பேசுகிறேன். எலினோர் ரூஸ்வெல்ட்.

1884-இல் நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் பத்து வயது நிறையும் முன்பே தாயையும் தகப்பனையும் பறிகொடுத்தார். 1905-இல் தூரத்து உறவினரான, பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைக் கட்டிக்கொண்டார். ஆறு பிள்ளைகள், அதில் ஒன்று கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோனது. 1921-இல் கணவருக்கு இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் செயலிழந்தன. அவ்வளவுதான், இனி அரசியல் வேண்டாம் என்று மாமியார் சொன்னார். எலினோர் கேட்கவில்லை.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. பிராங்க்ளின் நியூயார்க் மாநில ஆளுநர் ஆனபோது, அரசு மருத்துவமனைகளையும் காப்பகங்களையும் அவரால் நடந்து சுற்றிப் பார்க்க முடியவில்லை. மனைவியை அனுப்பினார். முதலில் எலினோர், காட்டியதைப் பார்த்துவிட்டு வந்து, அங்கே என்ன சாப்பாடு என்று எழுதி ஒட்டியிருந்த பட்டியலை ஒப்பித்தார். அது போதாது என்று கணவர் சொன்ன பிறகு, அடுப்படிக்குப் போய்ப் பானை மூடியைத் திறந்து பார்க்கப் பழகினார். கட்டில்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, பகலில் கதவுக்குப் பின்னால் மடித்து வைத்த கட்டில்கள் இருக்கின்றனவா என்றும் பார்த்தார். இருந்தால், இரவில் நடைபாதையிலும் ஆள் படுக்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்கள் தோட்டத்துக்கும் ஆட்கள் பார்வையிட வருவார்கள். வருவதற்கு முதல் நாள் கால்வாய் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகையில் புதுத் தொட்டில் துணி கட்டுவார்கள். வந்தவர்கள் கிராணியோடு, அதாவது தோட்டக் கணக்கரோடு, நடந்துவிட்டுப் போய்விடுவார்கள். பானையை யாரும் திறந்து பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

1933 முதல் 1945 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் அவர் அதிபரின் மனைவி. சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். 1938-இல் அலபாமாவில் ஒரு கூட்டம். வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் ஒரு பக்கம் உட்கார வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். எலினோர் நாற்காலியை இரண்டுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

1945 ஏப்ரலில் கணவர் இறந்தார். கதை முடிந்தது என்று அவரே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். ஆனால் அந்த டிசம்பரிலேயே அதிபர் ட்ரூமன் அவரை ஐ.நா. பேராளராக நியமித்தார். மனித உரிமை ஆணையத்துக்குத் தலைமையேற்று, உலக மனித உரிமைப் பிரகடனத்தை உருவாக்கியபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

அந்த ஆணையத்தில் இந்தியாவிலிருந்து ஹன்சா மேத்தா இருந்தார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி இருந்த முதல் பிரிவின் வரியை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்ற வைத்தவர் அவர்தான். ஒரு சொல்தானே என்று நினைக்கக் கூடாது. போருக்கு முந்தைய மலாயாவில் தோட்டத்து ஆணுக்கு நாள் கூலி 50 காசு என்று சட்டம் போட்ட காலம் இருந்தது, பெண்ணுக்கு 40. அதே மர நிரை, பால் வடியும் அதே மங்கு, அதே வாளி. சம வேலைக்குச் சம கூலி என்று அந்தப் பிரகடனத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது.

1948 டிசம்பர் 10, பாரிஸ். பிரகடனத்துக்கு ஆதரவு 48, எதிர்ப்பு ஒன்றுமில்லை, எட்டு நாடுகள் நடுநிலை வகித்தன. அதே 1948-இல்தான், ஜூன் 16 அன்று, எங்கள் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரிட்டிஷ் ஆட்சி அவசர காலத்தை அறிவித்தது. பாரிஸில் வாக்களித்த நேரத்தில் இங்கே விசாரணையில்லாமல் ஆட்களைத் தடுத்து வைத்திருந்தார்கள். இந்த இரண்டையும் நான் எப்போதும் சேர்த்தே நினைத்துப் பார்க்கிறேன்.

எலினோர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார் என்று சொல்லமாட்டேன். 1947-இல் அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் குறையை ஐ.நா.வுக்கு மனுவாகக் கொண்டு வந்தபோது, தன் அரசாங்கத்தை மீறி அவர் அதற்குத் துணை நிற்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் 1958-இல் அவர் பேசியதை மறக்க முடியாது. மனித உரிமை எங்கே தொடங்குகிறது? வீட்டுக்குப் பக்கத்தில், எந்த வரைபடத்திலும் கண்ணுக்குத் தெரியாத சின்ன இடங்களில் என்றார். எங்கள் தோட்டமும் அப்படி ஓர் இடம்தான்.

என் பாட்டி இந்த மண்ணிலேயே பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லாததால் கடைசிவரை குடியுரிமை இல்லாதவர்களுக்குரிய சிவப்பு அடையாள அட்டைதான், ஓட்டுரிமை கிடையாது. அந்த அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி, முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். ஒரு நாள் பிரகடனத்தின் 15-ஆவது பிரிவை அவருக்கு வாசித்துக் காட்டினேன், ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்ற வரியை.

"யாரும்மா இதை எழுதினது?"

"நிறையப் பேர் சேர்ந்து எழுதினது பாட்டி. ஒரு அம்மாதான் தலைவி."

"அந்தம்மாவுக்கு எத்தனை புள்ளைங்க?"

"ஆறு. ஒண்ணு கைக்குழந்தையிலேயே போயிட்டுது."

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கும் ஒண்ணு அப்படித்தான் போச்சு," என்றார். அப்புறம், "அந்த வரியை இன்னொரு தடவை படி," என்றார்.