சராசரிக்குள் மறைந்த முகங்கள்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

ஜாய் புவோலாம்வினி கானா நாட்டுப் பெற்றோரின் மகள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் படித்தபோது, முகத்தைக் கண்டறியும் மென்பொருள் ஒன்றின் கேமரா முன் அவர் அமர்ந்தார். அது அவருடைய கறுத்த முகத்தைக் கண்டுகொள்ளவில்லை. வெள்ளை முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டதும் கண்டுகொண்டது.

பலர் எரிச்சலோடு எழுந்து போயிருப்பார்கள். அவர் அதையே ஆய்வாக்கினார். டிம்னிட் கெப்ரு என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட கட்டுரைக்காக, ஆப்பிரிக்காவில் மூன்று நாடுகள், ஐரோப்பாவில் மூன்று நாடுகள் எனத் தேர்ந்து, அவற்றின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1270 பேரின் படங்களைத் திரட்டினார். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை அவற்றின்மீது சோதித்தார்.

மைக்ரோசாஃப்ட் மென்பொருள் 93.7 சதவீதம் சரியாகச் சொன்னது. கேட்பதற்கு நல்ல மதிப்பெண்தான். புவோலாம்வினி அங்கே நிற்கவில்லை. தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும், வெளிர்நிறத்திலிருந்து கருநிறம் வரையிலான ஆறு நிலை அளவுகோலைக் கொண்டு, நிறம், பாலினம் இரண்டையும் சேர்த்துப் பிரித்துப் பார்த்தார். வெளிர்நிற ஆண்களிடம் அந்த மென்பொருள் ஒருமுறைகூடத் தவறவில்லை. கருநிறப் பெண்களிடமோ 20.8 சதவீதம் பிழை! ஐ.பி.எம். மென்பொருளில் அது 34.7 சதவீதம்; ஏறத்தாழ மூன்று பெண்களில் ஒருவரை ஆண் என்றது.

இந்தப் பிரித்துப் பார்த்தலைத்தான் அவருடைய பெரும்பணியாக நான் கருதுகிறேன். எவ்வளவு பிழை என்று எல்லாரும் கேட்டார்கள். அந்தப் பிழை யார் தலையில் விழுகிறது என்று அவர் கேட்டார். அப்போது ஆய்வாளர்கள் அளவுகோலாகக் கொண்ட ஒரு படத்தொகுப்பில் ஏறத்தாழ 80 சதவீதம் வெளிர்நிற முகங்கள். அதில் தேறினால் போதும் என்று இருந்தவர்களுக்குக் குறை எப்படிக் கண்ணில் படும்? நம்மில் மிகப் பலரின் நிறமும் அந்த ஆறு நிலைகளில் பின்பாதியில்தான் வரும். அதனால் இது எங்கோ நடந்த சங்கதி என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

நிறுவனங்கள் மென்பொருளைத் திருத்தின. பிழை பெருமளவு குறைந்தது. 2020 ஜூனில் ஐ.பி.எம். முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் பொதுப்பயன்பாட்டு மென்பொருள் விற்பனையையே கைவிட்டது. ஆனால் பிழையைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று புவோலாம்வினி சொல்லவில்லை. துல்லியமான கருவியாலும் ஒரு சமூகத்தை இடைவிடாமல் கண்காணிக்க முடியும் என்கிறார். யார் கையில், எதற்காக, யார் சம்மதத்தோடு என்ற கேள்விகளையும் கேட்கச் சொல்கிறார்.

2020 ஜனவரியில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் முன்பு நடந்த கடைத் திருட்டு ஒன்றின் மங்கலான காணொளிப் படத்துடன் முகம் பொருந்தியதாக மென்பொருள் காட்டியதை நம்பி, குற்றமே செய்யாத கறுப்பின மனிதர் ஒருவரை அந்நகரக் காவல்துறையினர் கைது செய்தார்கள். மனைவி, மகள்கள் கண்ணெதிரே, வீட்டு முற்றத்தில் விலங்கு மாட்டினார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். முகப் பொருத்தத்தை மட்டும் வைத்து இனி யாரையும் கைது செய்வதில்லை என்று 2024-இல் ஏற்பட்ட உடன்பாட்டில் அந்நகரக் காவல்துறை ஏற்றுக்கொண்டது.

வணக்கம்.