நடக்க முடியாதவர் சைக்கிள் ஓட்டிய கதை: பார்கின்சனும் அசைவுச் சிகிச்சையும்

[திரையில்: மருத்துவமனை நடைபாதை. தரையில் ஒட்டிக்கொண்டது போல நிற்கும் இரண்டு கால்கள்.]

நெதர்லாந்தில் 58 வயதுக்காரர் ஒருவர். பத்து வருடமாகப் பார்கின்சன் நோய். நடக்கச் சொன்னால் கால் நகராது. மருத்துவர் தன் பாதத்தை அவர் முன்னால் வைத்தால், அதைத் தாண்டுவது போல நாலைந்து அடி எடுத்து வைப்பார். அப்புறம் முன்பக்கமாகச் சாய்ந்து விழப்போவார். அதே மனிதரைச் சைக்கிளில் ஏற்றிவிட்டால்? நன்றாக மிதித்துக்கொண்டு போவார், வளைந்து திரும்பியும் வருவார். இறங்கியதும் கால் மறுபடி உறைந்துவிடும். பாஸ்டியான் ப்ளூம் என்ற நரம்பியல் மருத்துவர் 2010ல் இதை வீடியோவோடு வெளியிட்டார்.

[திரையில்: மூளையின் வரைபடம். நடுவே ஒரு பகுதி மங்குகிறது.]

கால் தசையில் கோளாறு இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. நாம் நடக்கும்போது ஒவ்வொரு அடியையும் யோசித்து வைப்பதில்லை. அந்தத் தானியங்கி வேலையை மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்புத் திரள்கள் பார்த்துக்கொள்கின்றன. அவற்றுக்கு டோபமைன் என்ற வேதிப்பொருள் வேண்டும். பார்கின்சனில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதால், 'அடுத்த அடி வை' என்று உள்ளிருந்து வரவேண்டிய கட்டளை தடுமாறுகிறது. வாசற்படி, குறுகலான வழி, திரும்பும் இடம் என்றால் இன்னும் மோசம்.

ஆனால் கட்டளை வெளியிலிருந்து வந்தால், பார்வையும் செவியும் சம்பந்தப்பட்ட வேறு பாதைகள் கைகொடுக்கின்றன. தரையில் ஒரு கோடு, ஒரு தாளம், சுழலும் பெடல். இங்கே அசைவுச் சிகிச்சை என்றால் பெரும்பாலும் இந்த மாற்றுப் பாதையைப் பழக்குவதுதான்.

[திரையில்: தரையில் குறுக்காக வண்ண டேப். ஒரு கால் அதைத் தாண்டுகிறது.]

கோடு குறுக்காக இருக்கவேண்டும். நடக்கும் திசையிலேயே நீளமாகப் போட்டால் பயனில்லை. லண்டன் மருத்துவர் பர்டன் மார்ட்டின் 1960களிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். வீட்டில் வழக்கமாகக் கால் உறையும் இடத்தில் பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்டலாம். எவ்வளவு இடைவெளி என்பதை பிசியோதெரபிஸ்ட் நோயாளியின் அடியை அளந்து சொல்வார்.

[ஒலி: டக்... டக்... டக்...]

தாளத்துக்கு வருவோம். அமெரிக்காவில் மைக்கேல் தாட் குழு 1996ல் செய்த ஆய்வில், தாளம் அழுத்தமாகக் கேட்கும் இசையோடு நோயாளிகள் தினமும் அரை மணி நேரம், 3 வாரம் நடந்தார்கள். நடை வேகம் சராசரியாக 25 சதவீதம் கூடியது. சிறிய ஆய்வுதான், ஆனால் அதற்குப் பிறகு பல இடங்களில் இந்த முறை பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. கைபேசியில் இலவச மெட்ரோனோம் ஆப், அதாவது சீராகத் தாளம் தட்டும் ஆப், போதும்.

[திரையில்: நாற்காலிகள் வட்டமாக. கைகள் மேலே எழுகின்றன.]

2001ல் நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு, பார்கின்சன் உள்ளவர்களுக்கென்றே வகுப்பு தொடங்கியது. அங்கே யாரையும் நோயாளியாக நடத்துவதில்லை. வருகிறவர் நடனம் கற்க வந்தவர், அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்து தொடங்கி, முடிந்தவர்கள் எழுந்து ஆடுவார்கள். என்னைக் கேட்டால் இந்த அணுகுமுறைதான் அசல் சிகிச்சை. நாள் முழுக்க "பார்த்து, மெதுவா" என்றே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம்.

மெதுவான அசைவுகளைக் கொண்ட சீனப் பயிற்சியான தாய்-ச்சிக்கும் சான்று இருக்கிறது. 2012ல் வெளியான ஆய்வில் 195 பேர், வாரம் இரண்டு முறை, 24 வாரம். சமநிலையில் தாய்-ச்சி குழு மற்றவர்களை முந்தியது. கீழே விழுவதும் வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைந்தது. எடைப் பயிற்சிக் குழுவோடு ஒப்பிட்டால் விழுவதில் அப்படித் தெளிவான வித்தியாசம் இல்லை. விளம்பரங்கள் இந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடும்.

சரி, இது நோயைக் குணமாக்குமா? ஆக்காது. பார்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரையை நிறுத்திவிட்டு நடனம் ஆடச் சொல்கிறவரிடமிருந்து நாலு அடி தள்ளியே இருங்கள்.

[திரையில்: வாசற்படி. உறைந்து நிற்கும் பெரியவர், பக்கத்தில் மகள்.]

வீட்டில் இருப்பவர்களுக்கு: கால் உறைந்து நிற்கும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உடம்பு முன்னால் வரும், கால் வராது. "நில்லுங்கப்பா, மூச்சு விடுங்க" என்று சொல்லி, எடையை இடமும் வலமுமாக மாற்ற விடுங்கள். அப்புறம் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுங்கள், அல்லது உங்கள் பாதத்தை அவர் முன்னால் குறுக்காக வைத்துத் தாண்டச் சொல்லுங்கள்.

பயிற்சியை மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிற்கச் சிரமப்படுகிறவருக்கு நாற்காலியிலேயே தொடங்கலாம், சக்கரம் வைத்த நாற்காலி மட்டும் வேண்டாம். தரையில் கிடக்கும் மிதியடியை முதலில் எடுத்து ஓரமாக வையுங்கள்.